தூத்துக்குடித் துறைமுகமும் ஊரும்: வளர்ச்சி, போலீஸ் செலவு, கப்பல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க க்ளியரன்ஸ் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் துறைமுகத்தைப் பற்றித்தான் கேட்பார். ‘அவுட்டர் ஹார்பர் வந்தா நிலம் விலை ஏறுமா?’ என்று ஆரம்பித்து, ‘துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் ஊரு எப்படி இருக்கு?’ என்பது வரை போகும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தகவல் எல்லோருக்கும் பொது. அபிப்பிராயம் என்னுடையது, கொஞ்சம் டீக்கடையுடையது.

துறைமுகம் யாருடையது? மாநகராட்சிக்கு அதில் பங்கு உண்டா?

மத்திய அரசுடையது. வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையம் மத்தியக் கப்பல் துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மாநகராட்சிக்குப் பங்கு கிடையாது.

ஊரில் ‘பழைய ஹார்பர்’, ‘புது ஹார்பர்’ என்று இரண்டு சொல்வார்கள். பழையது ஊரை ஒட்டியே இருக்கிறது. அங்கே கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. அந்தக் காலத்தில் அவை தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். புதியது 1974 ஜூலையில் திறக்கப்பட்டது. கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கருங்கல்லைக் கொட்டி இரண்டு அலைதடுப்புச் சுவர் கட்டி, நடுவில் உண்டாக்கிய செயற்கைத் துறைமுகம் அது. 1979இல் இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. வ.உ.சி. பெயர் வைத்தது 2011இல். இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டன் சரக்கைக் கையாள்கிறது. அதில் அதிகம் வருவது நிலக்கரி.

துறைமுகம் வளர்ந்தால் ஊரும் வளரத்தானே செய்யும்?

வளரும். ஆனால் கணக்கு இரண்டாக இருக்கிறது. சுங்க வரி மத்திய அரசுக்குப் போகும். பெர்த் (கப்பல் நிற்கும் இடம்) கட்டணமும் சரக்குக் கட்டணமும் துறைமுக ஆணையத்துக்கும் டெர்மினல் நடத்தும் கம்பெனிகளுக்கும் போகும். ஊருக்கு வருவது கூலி, லாரி வாடகை, குடோன் வாடகை, ஏஜென்சி கமிஷன், ஓட்டல் வியாபாரம். சின்ன விஷயமில்லை, இந்த ஊரின் பாதிக் குடும்பம் ஏதோ ஒரு வழியில் இதில்தான் சாப்பிடுகிறது, நானும்தான்.

அப்புறம் இன்னொரு பக்கம். கரித்தூசி, பைபாஸில் வரிசையாக நிற்கும் டிரெய்லர், உப்பளத்தை மூடி எழும்பும் கன்டெய்னர் யார்டு, மழைத் தண்ணீர் வடிய இடமில்லாத தெரு. இதெல்லாம் எந்தக் கம்பெனியின் வரவு செலவிலும் வராது. ஊர்க்காரர்கள் வளர்ச்சி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘பில்லை யார் தலையில கட்டுறீங்க?’ என்றுதான் கேட்கிறார்கள். நிலம் வைத்திருப்பவர் ஒரு மாதிரி கேட்பார், வலை வைத்திருப்பவர் ஒரு மாதிரி கேட்பார். கேள்வி ஒன்றுதான்.

நம் சரக்கு ஏன் கொழும்பு வழியாகப் போகிறது?

ஆழம்தான் காரணம். கடல்தாண்டிப் போகும் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களுக்கு வேண்டிய ஆழம் நம்முடைய உள் துறைமுகத்தில் இல்லை. கொழும்பில் 18 மீட்டர் ஆழத்துக்கு முனையம் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் திருப்பூர் பனியன், கரூர் திரைச்சீலை, சிவகாசித் தீப்பெட்டி எல்லாம் இங்கே சின்ன ஃபீடர் கப்பலில் ஏறி, கொழும்பில் இறங்கி, பெரிய கப்பலில் மறுபடி ஏறும். இரண்டு முறை தூக்கிவைக்கும் கூலி, நடுவில் காத்திருக்கும் நாள், எல்லாம் ஏற்றுமதியாளர் தலையில்.

2024 செப்டம்பரில் திறந்த புதிய கன்டெய்னர் முனையத்தில் 14 மீட்டர் சொச்சம் ஆழம் இருக்கிறது. முன்பைவிட மேல். ஆனாலும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில்தான் கொழும்பு. போதாதற்கு 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறந்தாயிற்று. அங்கே இயற்கையே 18 மீட்டருக்கு மேல் ஆழம் கொடுத்திருக்கிறது, மண் தோண்டும் செலவு மிச்சம். ‘கொழும்புக்குப் போறது விழிஞ்ஞத்துக்குப் போகும், நமக்கு என்ன லாபம்?’ என்று இங்கே சிலர் அலுத்துக்கொள்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நமக்குப் பின்னால் தொழில் ஊர்கள் இருக்கின்றன: மதுரை, கோவை, திருப்பூர், சிவகாசி. விழிஞ்ஞத்துக்கு அந்த அளவுக்குச் சொந்தச் சரக்கு கிடையாது. கப்பல் மாற்றும் தொழிலை நம்பித்தான் இருக்கிறது. சொந்தச் சரக்கு இருக்கிற துறைமுகத்துக்குக் கப்பல் வந்தே தீரும்.

அவுட்டர் ஹார்பர் எப்போது வரும்?

2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். 7,056 கோடி ரூபாய்த் திட்டம். இப்போதுள்ள அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, இன்னும் ஆழமான கடலில் கன்டெய்னர் முனையம் கட்டுவது யோசனை. தேதியை நம்பி நிலம் வாங்காதீர்கள். அதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மீனவர்கள் என்ன சொல்கிறார்கள்?

எந்த மீனவர் என்று கேட்க வேண்டும். விசைப்படகுக்காரர்கள் வேறு, திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரர்கள் வேறு. இங்கே விசைப்படகு காலை 5 மணிக்குப் போய் ராத்திரி 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும், தங்குகடல் கிடையாது. அதனால் போகிற தூரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. கப்பல் பாதையும் நங்கூரம் போடும் இடமும் அகலமானால் அந்த எல்லைக்குள் வலை விடும் இடம் சுருங்கும். ஒரு கப்பல் வலை மேல் போய்விட்டால் போன வலைக்கு யாரிடம் போய்க் கேட்பது? கப்பல் ஒரு நாட்டுக் கொடி, முதலாளி வேறு நாடு, ஏஜென்ட் இந்த ஊர். மூன்று பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

நாட்டுப்படகுக்காரர்களுடைய கவலை கரைக்குப் பக்கத்தில். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வான் தீவு உள்ளிட்ட கூட்டம் நம் ஊருக்கு எதிரிலேயே இருக்கிறது. பவளப்பாறையை எடுத்ததும் அலையும் சேர்ந்து வான் தீவைக் கரைத்துவிட்டன. செயற்கைப் பாறைக் கட்டைகளைப் போட்டுத்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். இன்னொரு தீவு, விலாங்குச்சல்லி, தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. இதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் போய் ‘மண் தோண்டினால் ஒன்றும் ஆகாது’ என்று சொன்னால் அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சேது சமுத்திரம் என்ன ஆயிற்று?

இலங்கையைச் சுற்றாமல் கப்பல் போகக் கடலுக்குள் கால்வாய் தோண்டும் திட்டம் அது. 2005 ஜூலையில் மதுரையில் தொடக்க விழா. 2007இல் நீதிமன்ற உத்தரவோடு தோண்டும் வேலை நின்றது. 2023 ஜனவரியில் சட்டமன்றம் மறுபடி தீர்மானம் போட்டது. இன்றைக்கும் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குக் கப்பல் போக இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். ஊரில் அந்தப் பேச்சே இப்போது குறைந்துவிட்டது.

துறைமுகத்தில் நிற்கும் போலீசுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை, சி.ஐ.எஸ்.எஃப். அந்தப் படையை எந்த நிறுவனம் கேட்டு வாங்குகிறதோ அதுவே செலவைக் கட்ட வேண்டும். இங்கே துறைமுக ஆணையம் கட்டுகிறது. ஆணையத்துக்கு அந்தப் பணம் கப்பலிடமும் சரக்கிடமும் வாங்கும் கட்டணத்திலிருந்துதான் வரும். சுற்றிவளைத்துப் பார்த்தால் பனியன் அனுப்புகிறவரும் மரக்கட்டை வாங்குகிறவரும் கொடுப்பதுதான்.

கண்ணுக்குத் தெரியாத போலீஸ் செலவு இன்னொன்று உண்டு. ஒரு பச்சை முந்திரிக் கன்டெய்னர் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது என்று வையுங்கள். சுங்கத்துறைக் கணினி அதைப் பரிசோதனைக்குக் குறித்துவிட்டது. டிரெய்லரில் ஏற்றி ஸ்கேனருக்குக் கொண்டுபோக வாடகை. சந்தேகம் தீராவிட்டால் சி.எஃப்.எஸ். என்கிற கன்டெய்னர் கிடங்கில் கதவைத் திறந்து மூட்டையை இறக்கிக் காட்டி மறுபடி அடுக்க ஆள் கூலி. இதற்குள் இலவச நாட்கள் முடிந்துவிட்டால் டெர்மினலுக்கு டெமரேஜ், கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் என்று தாமதக் கட்டணம், அதுவும் டாலர் கணக்கில். முந்திரியைத் தவிர உள்ளே எதுவும் இல்லை என்று ஆபீசர் கையெழுத்துப் போட்டாலும் ஒரு பைசா திரும்ப வராது. சின்ன வியாபாரிக்கு இது கையைக் கடிக்கும்.

பரிசோதனையே வேண்டாமா என்றால், வேண்டும். 2021 ஏப்ரலில் மரக்கட்டை வந்த கன்டெய்னரில் 300 கிலோவுக்கு மேல் கோகைன் பிடித்தது இதே துறைமுகத்தில்தான். ஒழுங்காக வந்த சரக்குக்கு ஆன செலவை அரசு ஏற்றுக்கொண்டால் என்ன என்பதுதான் எங்கள் தொழிலில் ரொம்ப நாள் புலம்பல்.

ஊருக்குள் போலீஸ் செலவு?

மாநில அரசின் பட்ஜெட். பனிமயமாதா கோவில் திருவிழா, குலசேகரன்பட்டினம் தசரா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், வி.ஐ.பி. வருகை என்று பக்கத்து மாவட்டப் போலீசும் வந்து பந்தோபஸ்து கொடுப்பார்கள். தங்க வைப்பது பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும். காவலர்கள் பாடும் கஷ்டம்தான். ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் காலையில் தேர் இழுப்பவர்களுக்கு வழிவிடச் சொல்லும் குரலில் அந்தக் களைப்பு தெரியும்.

போலீஸ் செலவை ஊர்க்காரர்களிடமே வசூலித்ததாகத் தாத்தா சொல்வாரே, உண்மையா?

உண்மை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். இன்றைய சண்டைக்கெல்லாம் ஒரு முன்கதை அங்கே இருக்கிறது.

1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு. ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல் வந்தன. தூத்துக்குடி–கொழும்பு பாதையைக் கையில் வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போகிறோம் என்றது, குடை கொடுத்தது என்பார்கள். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள், கூலி உயர்வு கிடைத்தது. மார்ச் 12ஆம் தேதி இரண்டு பேரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கடை அடைப்பு, வேலை நிறுத்தம்.

அதற்குப் பிறகு அரசு செய்ததுதான் தண்டப் போலீஸ். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கூடுதல் போலீசைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அந்தச் செலவை ஊர்க்காரர்களிடமிருந்தே வரியாக வாங்கினார்கள். கலவரம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமில்லை. அந்த ஊரில் குடியிருப்பதே குற்றம். அன்றைய போலீஸ் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. சொந்தக் கப்பல் விட ஆசைப்பட்ட ஊர், கடைசியில் கப்பலையும் இழந்து, தன்னைக் காவல் காத்தவனுக்கும் படியளந்தது. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்ததில் எல்லோருக்கும் பெருமை. பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் இந்தத் தண்டவரியைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வைத்திருக்கலாம்.

2018க்கு அப்புறம் போலீஸ் மேல் ஊருக்கு என்ன எண்ணம்?

2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆவது நாள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 28ஆம் தேதி ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. ஆலைத் தரப்பின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

செலவு என்று பேசினால் அதற்கும் கணக்கு உண்டு. இறந்தவர்கள் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் அரசு கொடுத்தது. அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையம் நான்கு ஆண்டு நடந்தது. 17 காவல்துறையினர் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது, இழப்பீட்டையும் 50 லட்சமாக்கப் பரிந்துரைத்தது. அந்த மே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையம் சில நாள் துண்டிக்கப்பட்டது. ஒவ்வொரு மே 22க்கும் இன்றுவரை பந்தோபஸ்து. எல்லாம் நம் வரிப்பணம். சுட்டவர் பையிலிருந்து எதுவும் போகவில்லை என்று ஊரில் சொன்னால் மறுப்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆலை விஷயத்தில் மட்டும் ஊர் ஒரே குரலில் பேசவில்லை. தாமிரத் தாது, பாஸ்பாரிக் அமிலம் ஏற்றிய லாரிக்காரர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஆலைக்குச் சாமான் போட்ட சின்னக் கம்பெனிகள் என்று பிழைப்புப் போனவர்கள் நிறைய. அவர்களில் பலர் திறந்தால் நல்லது என்பார்கள். என் தொழிலுக்கும் அந்தச் சரக்கு போனது நஷ்டம்தான். இருந்தாலும் திறக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரே தெருவில், சில வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கட்சியும் உண்டு. சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இரண்டு வருடம் கழித்து, 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தார்கள். இதே மாவட்டம். அதனால் ‘கூடுதல் போலீஸ் ஸ்டேஷன் வருகிறது’ என்ற செய்தியை வேறு ஊர்க்காரர்கள் வாசிப்பது போல இங்கே வாசிக்க மாட்டார்கள்.

கடலில் யார் காவல்? கடத்தல் நிறைய நடக்குமாமே?

கடலோரக் காவல் படை மத்திய அரசு, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தமிழ்நாடு போலீஸ், கரையில் தமிழ்நாடு போலீசின் உளவுப் பிரிவான க்யூ பிரிவு, சுங்கத்துறை தனி. இங்கிருந்து இலங்கைக்குப் போகப் பிடிபடுவது பெரும்பாலும் பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை. பீடி இலையும் மஞ்சளும் நம் ஊர்க் கடையில் பகிரங்கமாக விற்கும் பொருள்தான்; அங்கே வரியும் கட்டுப்பாடும் இருப்பதால் இங்கே மூட்டை கடலேறுகிறது. கடல் அட்டை வேறு கதை, 2001இலிருந்து இங்கேயே பிடிக்கத் தடை.

‘சாகர் கவச்’ என்ற ஒத்திகை நாட்களில் மீனவர்களை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள். சந்தேகப் படகைப் பற்றி முதலில் தகவல் சொல்ல வேண்டியவரும் மீனவர்தான், முதலில் சோதனை போடப்படுபவரும் அவர்தான். சம்பளமில்லாத காவல் வேலை என்று திரேஸ்புரத்தில் கிண்டலாகச் சொல்வார்கள்.

லாரித் தொல்லைக்கு விடிவு உண்டா?

டிரைவருக்கு நிறுத்த இடமும், கழிப்பறையும், குளிக்கத் தண்ணீரும் கொடுக்காமல் ரோட்டோரம் நிறுத்தாதே என்று அபராதம் மட்டும் போட்டால் விடியாது. அத்தனை கோடி முனையத்துக்குக் கொட்டிவிட்டு லாரிப்பேட்டைக்குக் கல்லில் நார் உரிப்பது ஏன் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. டோல் கட்டி வந்தும் வல்லநாட்டுத் தாமிரபரணிப் பாலத்தில் ஓட்டை விழுந்து ஒருவழியாக விடுகிற நாட்களை எண்ணினால் வயிற்றெரிச்சல்.

2023 வெள்ளத்துக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தம் உண்டா?

டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த அளவுக்கு எந்த ஊரும் தாங்காது. ஆனால் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஊர் தாழ்வான இடம். மேற்கே கோரம்பள்ளம் குளம், கிழக்கே கடல், நடுவில் வடிகாலாகப் பக்கிள் ஓடை. தண்ணீர் போன பழைய பாதையில் ரோட்டை உயர்த்தி, உப்பளத்தை மேடாக்கி வைத்தால் அது வீட்டுக்குள்தான் வரும். உப்பளத் தொழிலாளர்களுக்கு அந்த வெள்ளம் வேலையையும் கொண்டுபோனது. குவித்து வைத்த உப்பு கரைந்து, பாத்தி முழுக்கச் சேறு. சேற்றை அள்ளி மறுபடி பாத்தி கட்டினால்தான் கூலி.

தோணி இன்னும் ஓடுகிறதா?

ஓடுகிறது. பழைய ஹார்பரிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறி, வெங்காயம், செங்கல், ஜல்லி, சிமென்ட் ஏற்றிக்கொண்டு போகும். மரத்தாலான உடம்பு, இப்போது இன்ஜினும் உண்டு. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையில்தான் கிடக்கும். ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள்: வெங்காய மூட்டையை முதுகில் வாங்கி, ஒற்றைப் பலகை மேல் கால் பிசகாமல் நடந்து, குனிந்து தோணிக்குள் போடுவார்கள். புது ஹார்பரில் கிரேன் ஒரே தூக்கில் 40 அடிக் கன்டெய்னரை எடுக்கும் அதே ஊரில்தான் இதுவும் நடக்கிறது. வளர்ச்சித் திட்ட அறிக்கைகளில் தோணிக்காரர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

கார் ஆலை, கப்பல் கட்டும் தளம் என்று வருகிறதே, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

வின்ஃபாஸ்ட் கார் ஆலை சில்லாநத்தம் சிப்காட்டில் 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்துவிட்டது. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 50,000 கார். அதற்குச் சில நாள் முன்பு வாகைக்குளம் விமான நிலையத்தில் புது முனையம். கப்பல் கட்டும் தளத்துக்கு 2025 செப்டம்பரில் கையெழுத்தாகியிருக்கிறது. கார் ஆலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், பார்க்கவே சந்தோஷம். கப்பல் கட்டுவதற்கு வெல்டர், ஃபிட்டர், பைப் வேலைக்காரர் தேவை. ஐ.டி.ஐ.யில் பையனைச் சேர்ப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் வீடுகளிடம் நான் சொல்வது: சேருங்கள். ஒப்பந்தக்காரரிடமா, கம்பெனியிலேயா, யார் பெயரில் சம்பளச் சீட்டு வருகிறது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பி.எஃப். எண்ணையும் வாங்கி வையுங்கள்.

கொழும்புக்குக் கப்பலில் போக முடியுமா?

இப்போது முடியாது. 2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பல் ஓட ஆரம்பித்தது, நவம்பரில் நின்றுவிட்டது. இலங்கைக்குக் கப்பலில்தான் போவேன் என்றால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடுகிறது; கடல் மோசமான மாதங்களில் நிறுத்துவார்கள், விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.